ஸ்கோர் என்ன மச்சான்?

(நம் சங்கக் கூடுகையின் முதல் நாள் மாலை நிகழ்த்திய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, இங்கிலாந்துல இருக்கற மெக்கானிக்கல்காரன் நீ. செயற்கை நுண்ணறிவு பத்தி ஒரு அரைமணி நேரம் பேசிடு" என்றார். "அண்ணே, அதில் எனக்குத் தெரிஞ்சது அங்கே முன் வரிசையில் உட்காரப்போற ரெண்டாம் வருஷப் பையனுக்கும் தெரியும். வேற ஏதாவது பேசறேனே" என்றேன். "வேற என்ன தெரியும் உனக்கு?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். பத்து வருடமாகத் தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு நான் தவறாமல் செய்கிற காரியம் ஒன்றே ஒன்றுதான். கார் பந்தயப் பைத்தியங்களுக்கும் ரக்பி பைத்தியங்களுக்கும் நடுவில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிடுவது. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதற்கும் இந்தக் கல்லூரி மைதானத்துக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. அது கடைசியில் வரும்.

நான் வேலை பார்ப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில். என் வீட்டிலிருந்து ஒரு திசையில் அரைமணி நேரம் போனால் ரக்பி என்ற ஊர் வரும். ஆமாம், ஆட்டத்தின் பெயர் அந்த ஊர்ப் பெயர்தான். அங்கே உள்ள பள்ளியில் 1823-இல் வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவன் கால்பந்து ஆடும்போது திடீரென்று பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான், அதிலிருந்து பிறந்தது ரக்பி என்று கதை சொல்வார்கள். கதைதான், ஆதாரம் இல்லை. ஆனாலும் உலகக் கோப்பைக்கே அவன் பெயரை வைத்துவிட்டார்கள். நம் டர்போமெஷினரி பேராசிரியருக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஃபிராங்க் விட்டில் தன் முதல் ஜெட் என்ஜினை 1937 ஏப்ரலில் ஓட்டிப் பார்த்ததும் அதே ரக்பியில்தான். அந்த ஊர்க்காரர்கள் இதைவிட அந்தப் பையன் கதையைத்தான் அதிகம் சொல்கிறார்கள்.

இன்னொரு திசையில் போனால் சில்வர்ஸ்டோன். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான தளம். போர் முடிந்ததும் சும்மா கிடந்த ஓடுபாதையில் கார் ஓட்ட ஆரம்பித்தார்கள். 1950 மே 13 அன்று ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயமே அங்கேதான் நடந்தது. நம் சோழவரமும் அப்படித்தானே? அதுவும் போர்க்கால ஓடுபாதைதான். அப்பா தலைமுறையில் சோழவரம் ரேஸ் பார்த்த அண்ணன்மார்கள் இங்கே நாலு பேராவது இருப்பீர்கள். (பின் வரிசையில் கைகள் உயர்ந்தன.) பாருங்கள், சொன்னேனே!

ஆக, இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு தொழிற்சாலை இருந்தால் அதன் கேண்டீன் எப்படி இருக்கும்? இரண்டு கட்சியாகத்தான் இருக்கும். எங்கள் மேசையில் பந்தயக் கட்சித் தலைவர் டூல் ரூமில் இருக்கும் பெரியவர். சிறுவயதிலிருந்து சில்வர்ஸ்டோனுக்குப் போகிறவர். ரக்பிக் கட்சித் தலைவர் ஒரு வேல்ஸ்காரர், பேரன் எடுத்தவர். வேல்ஸில் ரக்பி என்றால் நம் ஊரில் கிரிக்கெட்டும் கோயில் திருவிழாவும் சேர்ந்தது மாதிரி. மூன்றாவது, தர ஆய்வுப் பிரிவில் இருக்கும் ஒரு தமிழ் அண்ணன். கண்டியில் டிரினிட்டி கல்லூரியில் படித்தவர். கொழும்பு ராயல் கல்லூரிக்கும் டிரினிட்டிக்கும் 1945 முதல் பிராட்பி கேடயத்துக்காக ரக்பி நடக்கிறது. அந்தப் போட்டி நாளில் அவரிடம் டிராயிங் கொண்டுபோய் நீட்டக்கூடாது.

நான் சேர்ந்த புதிதில் முதல் மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. எனக்குத் தெரிந்தது கிரிக்கெட். அங்கே அதைப் பேச ஆள் இல்லை. ஒரு நாள் பெரியவர் 2008 பிரேசில் பந்தயத்தைப் பற்றி ஆரம்பித்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் அதை நான் பார்த்தது இதே வளாகத்தில், முதல் வருட விடுதிப் பொது அறையில், நள்ளிரவு தாண்டி. வார்டன் வந்து மெயினை அணைத்துவிடுவாரோ என்று ஒருவனை வாசலில் நிறுத்திவிட்டுப் பார்த்தோம். மாஸா முதலாவதாக வந்துவிட்டார், அவர் குடும்பமே குதிக்கிறது. கடைசிச் சுற்று, கடைசித் திருப்பங்களில் ஹாமில்டன், மழையில் தடுமாறிய கிளாக்கைத் தாண்டி ஐந்தாம் இடத்துக்கு வந்து, ஒரே ஒரு புள்ளியில், 98-க்கு 97 என்று, சாம்பியன் ஆனார். வாசலில் நின்றவன் அதைப் பார்க்கவில்லை. அவன் இன்றுவரை எங்களை மன்னிக்கவும் இல்லை. இதைச் சொன்னதும் பெரியவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து எனக்கு மேசையில் இடம். அதற்குப் பிறகு தொலைக்காட்சியில் கருண் சந்தோக் பேசுகிற போதெல்லாம் "உன் ஊர்க்காரர்தானே, போன் பண்ணி ஒரு பாஸ் வாங்கக் கூடாதா?" என்று கேட்பார். சென்னை எவ்வளவு பெரியது என்று அவருக்குப் புரியவைக்க முடியவில்லை.

ரக்பியைப் புரியவைத்தது கண்டி அண்ணன். "தம்பி, பந்து கையால பின்னுக்குத்தான் போகவேணும். ஆள்தான் முன்னுக்குப் போகவேணும். இவ்வளவுதான் விஷயம்" என்றார். மூன்று ஆட்டம் பார்த்த பிறகுதான் அந்த இரண்டு வரியின் ஆழம் புரிந்தது. பந்தை முன்னால் எறிய முடியாது என்றால் எதிரியைத் தாண்ட ஒரே வழி உடம்பை வைத்து இடித்துக்கொண்டு போவது. தடுப்பவனுக்கும் ஒரே வழி, இடித்துச் சாய்ப்பது. அதுதான் டேக்கிள். எட்டுப்பேர் எட்டுப்பேராகக் கோத்துக்கொண்டு முட்டுவது ஸ்க்ரம். சர்வதேச அணிகளில் அந்த எட்டுப்பேரின் எடை மட்டும் சுமார் 900 கிலோ. ஒரு சின்னக் காரின் எடை. 1995-இல் இந்த ஆட்டம் தொழில்முறை ஆட்டமானதிலிருந்து ஆட்களின் எடையும் கூடிவிட்டது, வேகமும் கூடிவிட்டது. ½mv² போட்டுப் பாருங்கள் என்று இங்கே நான் சொல்ல வேண்டியதில்லை.

நிற்க. இந்த இரண்டு கட்சிக்கும் தினமும் என்ன சண்டை என்று கேட்பீர்கள். "உன் ஆள் உட்கார்ந்துகொண்டே விளையாடுகிறான்" என்பார் வேல்ஸ்காரர். "உன் ஆளுக்குப் பந்தே உருண்டையாகச் செய்யத் தெரியவில்லை" என்பார் பெரியவர். நடுவர்களைத் திட்டுவதில் மட்டும் ஒற்றுமை. 2021 டிசம்பரில் அபுதாபியில் கடைசிச் சுற்றில் நடந்த குளறுபடிக்குப் பிறகு பெரியவர் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. ஆனால் எத்தனை சண்டை போட்டாலும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருவார்கள். "இப்பல்லாம் ஆட்டத்தை மென்மையாக்கிட்டாங்க. அந்தக் காலத்துல ஆம்பளைங்க ஆடினாங்க." இது இரண்டு கட்சிக்கும் பொதுவான கொள்கை. ஒத்துக்கொள்கிறேன், நானும் அதில் உறுப்பினராகத்தான் இருந்தேன்.

2018-இல் ஃபார்முலா ஒன் கார்களில் 'ஹேலோ' வந்தது. ஓட்டுநரின் தலைக்கு மேல் வளைந்து நிற்கும் டைட்டானியம் வளையம். எடை சுமார் 7 கிலோ. தாங்கும் பாரம் ஏறத்தாழ 12 டன். இரட்டை மாடி பஸ்ஸையே மேலே வைக்கலாம். ரசிகர்கள் வைத்த பெயர், ஹவாய் செருப்பு! மேலிருந்து பார்த்தால் செருப்பின் வார் மாதிரியேதான் இருக்கும். ரசிகர்கள் மட்டுமில்லை, மெர்சிடீஸ் அணித் தலைவர் டோட்டோ வுல்ஃபே ரம்பம் கொடுத்தால் அறுத்துப் போட்டுவிடுவேன் என்கிற அர்த்தத்தில் பேசினார். திறந்த காரில் ஓட்டுவதுதான் இந்தப் பந்தயத்தின் அழகே, மூடினால் என்ன இருக்கிறது என்பது எங்கள் வாதம். நான் ஒரு படி மேலே போய், ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே வரும் நடுத்தூண் பார்வையை எவ்வளவு மறைக்கும் என்று பேப்பர் நாப்கினில் படம் போட்டு விளக்கினேன். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும்போது மெல்லிய தூண் கிட்டத்தட்ட மறைந்துவிடும் என்பது ஸ்கூல் பையனுக்கே தெரியும். கோபத்தில் எனக்குத் தோன்றவில்லை.

இந்த வாதம் புதிதில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். 1966-இல் பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத்தில் ஜாக்கி ஸ்டூவர்ட்டின் கார் மழையில் வழுக்கிப் பாதையை விட்டு வெளியே போய் விழுந்தது. ஸ்டியரிங்குக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டது. பெட்ரோல் டேங்க் உடைந்து உடம்பெல்லாம் பெட்ரோல். மீட்க ஆள் இல்லை, கருவி இல்லை. சக ஓட்டுநர்களான கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரன்ட்டும் ஓடிவந்து, பார்வையாளர் ஒருவரின் காரிலிருந்து ஸ்பேனர் வாங்கி ஸ்டியரிங்கைக் கழற்றி அவரை எடுத்தார்கள். உலகத்தின் உச்சப் பந்தயம், ஒரு ஸ்பேனருக்குக் கையேந்தியது. அதற்குப் பிறகு ஸ்டூவர்ட் தன் காரில் ஒரு ஸ்பேனரை டேப் போட்டு ஒட்டி வைத்துக்கொண்டேதான் ஓட்டினார். தடுப்பு வேண்டும், டாக்டர் வேண்டும், சீட் பெல்ட் வேண்டும் என்று கேட்டார். பயந்தாங்கொள்ளி என்றார்கள். அந்தப் பயந்தாங்கொள்ளி 1969, 1971, 1973 என்று மூன்று முறை உலகச் சாம்பியன்.

2020 நவம்பர் 29, பஹ்ரைன். முதல் சுற்றிலேயே ரோமெய்ன் குரோஷானின் கார் இரும்புத் தடுப்பைப் பிளந்துகொண்டு போய் இரண்டாக முறிந்து தீப்பிடித்தது. மோதல் 67ஜி. அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 67 மடங்கு. அரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக நெருப்புக்குள் இருந்துவிட்டு அவரே எழுந்து ஏறி வெளியே வந்தார். கைகளில் தீக்காயம். தடுப்பின் இரும்புப் பட்டை அவர் தலைக்கு வரவேண்டிய இடத்தில் ஹேலோ நின்றது. அதை முன்பு எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே, அது இல்லையென்றால் உங்களிடம் பேசிக்கொண்டிருக்க மாட்டேன் என்ற பொருளில் சொன்னார்.

டிவியில் பார்ப்பது வேறு. 2022 ஜூலை 3 அன்று சில்வர்ஸ்டோனில் முதல் திருப்பத்துக்கு எதிரே நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம், பெரியவர், கண்டி அண்ணன், நான். சிவப்பு விளக்குகள் அணைந்தன, சத்தம், அடுத்த நொடி ஒரு கார் தலைகீழாகச் சறுக்கிக்கொண்டே வருகிறது. ஜோ குவான்யூவின் கார். சரளைக் கல்லில் எகிறி, டயர் தடுப்பைத் தாண்டிக் குதித்து, தடுப்புக்கும் கம்பி வேலிக்கும் நடுவில் செருகி நின்றுவிட்டது. ஓட்டுநர் உள்ளே. ஜார்ஜ் ரஸ்ஸல் தன் காரை நிறுத்திவிட்டு இறங்கி அதை நோக்கி ஓடினார். பெரிய திரையில் மறு ஒளிபரப்பு இல்லை. அப்படிக் காட்டவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று பழைய ரசிகர்களுக்குத் தெரியும். அத்தனை ஆயிரம் பேர் இருந்த இடத்தில் சத்தமே இல்லை. பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். 1994 மே மாதம் இமோலாவில் சென்னா போன நாளும், அதற்கு முதல் நாள் ராட்ஸன்பெர்கர் போனதும் ஞாபகம் வருகிறது என்று மட்டும் சொன்னார். கடைசியில் ஜோவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அறிவித்தார்கள். தலைக்குப் பின்னால் இருக்கும் பாதுகாப்பு வளைவு உடைந்துவிட்டது, ஹேலோதான் தாங்கியது. பெரியவர் தெர்மாஸைத் திறந்து மூன்று பேருக்கும் டீ ஊற்றினார். கை நடுங்கி, பாதி கீழே. செருப்பு என்ற வார்த்தையை அதற்குப் பிறகு எங்கள் மேசையில் யாரும் சொல்லவில்லை.

இப்போது ரக்பிப் பக்கம் வருகிறேன். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கஷ்டம்.

2003 நவம்பர் 22, சிட்னி. உலகக் கோப்பை இறுதிப் போட்டி. கூடுதல் நேரத்தில் ஜானி வில்கின்சன் தன் பழக்கமில்லாத வலது காலால் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து, 20-17 என்று இங்கிலாந்து ஆஸ்திரேலியாவை ஜெயித்தது. இங்கிலாந்தில் எந்த ரசிகரை எழுப்பிக் கேட்டாலும் அந்த உதையை அப்படியே சொல்வார். அந்த அணியில் ஸ்க்ரம்மின் முன்வரிசை நடுவில் நின்றவர் ஸ்டீவ் தாம்ப்சன். 2020 டிசம்பரில், 42 வயதில், தனக்கு இளவயது மறதி நோய் வந்திருக்கிறது என்று வெளியில் சொன்னார். அந்தக் கோப்பையை ஜெயித்ததே தனக்கு ஞாபகம் இல்லை என்றும் சொன்னார். வேல்ஸின் அலிக்ஸ் போபமுக்கு 40 வயதில் அதே நோய். அவர்களும் வேறு பல முன்னாள் வீரர்களும் சேர்ந்து ரக்பி அமைப்புகள் மீது வழக்குத் தொடுத்தார்கள்.

அன்று எங்கள் மேசையில் கட்சி கட்டிப் பேச ஆளில்லை. வேல்ஸ்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் என்ஜினியர் புத்தியில், "ஹேலோ மாதிரி இவங்களுக்கும் ஏதாவது செஞ்சுட்டா என்ன? நல்ல ஹெல்மெட்?" என்றேன். கண்டி அண்ணன்தான் பதில் சொன்னார். "தம்பி, நாங்கள் பள்ளிக்கூடத்திலயே தலையில தொப்பி போட்டுத்தான் விளையாடினோம். காது கிழியாது, மண்டை உடையாது. அவ்வளவுதான்."

ஏன் அவ்வளவுதான்? தூக்குவாளியில் தயிர் எடுத்துக்கொண்டு டவுன்பஸ்ஸில் போகிறோம். டிரைவர் சடாரென்று பிரேக் போடுகிறார். வாளிக்கு ஒன்றும் ஆகாது, நசுங்காது. திறந்து பார்த்தால் தயிர் உடைந்திருக்கும். வாளியைச் சுற்றி எவ்வளவு துணி சுற்றினாலும் உள்ளே இருக்கும் தயிர் ஆடத்தான் செய்யும். மூளை மண்டை ஓட்டுக்குள் திரவத்தில் மிதக்கிறது. தலை வேகமாக நிற்கும்போதும், அதைவிட முக்கியமாகச் சுழலும்போதும், அது உள்ளே இழுபடுகிறது. காருக்குள் நாம் என்ன செய்தோம்? கார்பன் ஃபைபர் கூடு 1981-இல் வந்தது, கழுத்தைப் பிடித்துக்கொள்ளும் ஹான்ஸ் பட்டை 2003-இல் கட்டாயமானது, பிறகு ஹேலோ. காரின் மூக்கு நசுங்கி நேரத்தை வாங்கிக் கொடுக்கிறது, ஆள் தோளோடும் கழுத்தோடும் கட்டப்பட்டிருக்கிறார். ரக்பியில் ஓடுகிறவன் கழுத்தை எதில் கட்டுவது? மூக்கு நசுங்க எங்கே இடம் இருக்கிறது? நம்மிடம் இருக்கும் அத்தனை சாமர்த்தியமும் மண்டை ஓட்டோடு நின்றுவிடுகிறது.

ஆகவே அங்கே மாற்ற முடிந்தது விதிகளைத்தான். டேக்கிளைத் தலைக்கு அருகில் செய்யாதே, கீழே இறங்கிப் பிடி. பிரான்ஸ் 2018-இல் இளம் வீரர்களின் மரணங்களைப் பார்த்த பிறகு, அடுத்த ஆண்டே தொழில்முறை அல்லாத ஆட்டங்களில் இடுப்புக்குக் கீழே என்று கொண்டுவந்தது. இங்கிலாந்தில் 2023 ஜனவரியில் அதையே அறிவித்தார்கள். பல்லாயிரம் பேர் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள். கடைசியில் நெஞ்செலும்பின் அடிவரை என்று சமரசம் ஆனது. 2024 முதல் உயர்நிலை ஆட்டங்களில் வீரர்கள் பல்லில் மாட்டும் காப்பிலேயே சென்சார் இருக்கிறது. தலை வாங்கிய அதிர்ச்சி வரம்பைத் தாண்டினால் மைதான ஓரத்தில் இருக்கும் மருத்துவருக்குச் செய்தி போகும், ஆளை வெளியே கூப்பிட்டுச் சோதிப்பார்கள். இது நம் ஆட்கள் வேலை, கொஞ்சம் பெருமைப்படலாம். ஆனாலும் அது அடியைத் தடுப்பதில்லை. அடி பட்டது என்று சொல்கிறது, அவ்வளவே.

2023 அக்டோபர் 28 இறுதிப் போட்டியில் நியூசிலாந்தின் கேப்டன் சாம் கேன் எதிராளியின் தலையில் பட்ட டேக்கிளுக்காகச் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். ஆண்கள் உலகக் கோப்பை இறுதியில் அப்படி வெளியேற்றப்பட்ட முதல் ஆள். பதினான்கு பேரை வைத்து ஆடி ஒரே புள்ளியில், 12-11 என்று, தென்னாப்பிரிக்காவிடம் தோற்றார்கள். மறுநாள் கேண்டீனில் வேல்ஸ்காரர் கர்ஜித்தார். ஒரு ஃபைனலையே கெடுத்துவிட்டார்கள், வேண்டுமென்றா இடித்தான், இனி டேக்கிளுக்குப் பதில் கை குலுக்கச் சொல்வார்கள் என்று. நான் அப்போதும் அவர் பக்கம்தான்.

அதற்கு ஒரு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை அவர் வந்து பேசாமல் உட்கார்ந்தார். சனிக்கிழமை அவருடைய பேரன் ஆட்டம், பையனுக்குப் பதினைந்து வயது. எதிராளியின் முழங்கால் தலையில் பட்டு விழுந்திருக்கிறான். உடனே எழுந்துவிட்டான், நன்றாகத்தான் நின்றான். நடுவராக இருந்த இளம் ஆசிரியை அவனை வெளியே அனுப்பிவிட்டார். "பையன் நல்லாத்தானே நிக்கிறான்" என்று இவர் எல்லைக் கோட்டில் நின்று அந்தப் பெண்ணை வாய்க்கு வந்தபடி கத்தியிருக்கிறார். அவர் அசையவில்லை. திரும்பிக் காரில் வரும்போது பையன் கேட்டான், "தாத்தா, நாம ஜெயிச்சோமா?" ஜெயிச்சோம் என்றார். இரண்டு நிமிடம் கழித்து, "தாத்தா, நாம ஜெயிச்சோமா?" வீடு வருவதற்குள் ஐந்து தடவை. அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆசிரியையின் பள்ளிக்கு எழுதி மன்னிப்புக் கேட்டாராம். பையனுக்கு ஒன்றும் இல்லை, 21 நாளுக்குக் குறையாமல் போட்டி கூடாது என்ற விதிப்படி உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி ஆடப் போனான். இவரும் போகிறார். இப்போது வாயை மூடிக்கொண்டு நிற்பதாகச் சொல்கிறார், நம்பவேண்டியதுதான்.

அவர் இதைச் சொல்லி முடித்தபோது என் கையில் இருந்த ஸ்பூன் அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால் அந்தக் கேள்வியை நான் முன்பே கேட்டிருக்கிறேன். இங்கே, இந்தக் கல்லூரி மெஸ்ஸில்.

2010-ஆம் ஆண்டு துறைகளுக்கு இடையேயான கால்பந்து இறுதிப் போட்டி. மெக்கானிக்கலுக்கும் சிவிலுக்கும். எங்கள் கோல்கீப்பரைத் தெரியாதவர்கள் இங்கே இல்லை. பெயர் சொல்ல வேண்டாம், மூன்றாவது வரிசையில் நீலச் சட்டை. இரண்டாம் பாதியில் சிவில்காரன் காலடியில் பாய்ந்து பந்தைப் பிடித்தான். முழங்கால் நெற்றிப் பொட்டில் இடித்தது. அசையாமல் கிடந்தான், எவ்வளவு நேரம் என்று இப்போது சொல்ல முடியவில்லை. முகத்தில் தண்ணீர் அடித்தோம். எழுந்து உட்கார்ந்தான். மாற்று கோல்கீப்பர் இருந்தான். நான் கேப்டன். "மச்சான், ஆடிடுவல்ல?" என்று கேட்டேன். தலையாட்டினான். தலையில் அடிபட்டவனிடம் உன் தலை சரியாக இருக்கிறதா என்று அந்தத் தலையையே கேட்டேன்! தட்டிக்கொடுத்து உள்ளே அனுப்பினேன். கடைசி நிமிடத்தில் பெனால்டியைத் தடுத்தான், 2-1 என்று ஜெயித்தோம். தோளில் தூக்கிக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனோம். அங்கே உட்கார்ந்து கேட்டான், "ஸ்கோர் என்ன மச்சான்?" சொன்னோம். கொஞ்ச நேரம் கழித்து, "ஸ்கோர் என்ன மச்சான்?" நாங்கள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தோம். அவனுக்குப் பட்டப்பெயரே அதுவாகிவிட்டது. ராத்திரி வாந்தி எடுத்தான். மெஸ் பிரியாணி மேல் பழி போட்டோம். இரண்டு நாள் கழித்து மறுபடி பயிற்சிக்குக் கூப்பிட்டதும் நான்தான்.

2011-இல் வட அயர்லாந்தில் ஒரு பள்ளி ரக்பி ஆட்டத்தில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் தலையில் அடிபட்டும் தொடர்ந்து ஆடி, அந்த ஆட்டத்திலேயே மறுபடி அடிபட்டு இறந்துபோனான். முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் வரும் இரண்டாம் அதிர்ச்சி சிறியதாக இருந்தாலும் மூளை வீங்கிவிடலாம் என்கிறார்கள் மருத்துவர்கள். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் ஆள் இரண்டு நாள் கழித்துப் பயிற்சிக்கு வந்தபோது எத்தனை தடவை தலையால் முட்டினான் என்று எண்ணிப் பார்க்க முயன்றேன்.

நேற்று ராத்திரி விடுதிப் படிக்கட்டில் வைத்து அவனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவன் நன்றாக இருக்கிறான், கடவுள் புண்ணியத்தில். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான், "மச்சான், அந்த பெனால்டி எந்தப் பக்கம்டா வந்துச்சு?"

"இடது பக்கம்" என்றேன்.

"பதினஞ்சு வருஷமா ஊர் பூராவும் வலதுன்னு சொல்லிட்டிருக்கேன்டா. நீங்க சொன்னதை வெச்சு நானா கட்டிக்கிட்டது. அந்தப் பந்தைப் பிடிச்சது எனக்கு ஞாபகமே இல்ல."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "நல்லா பிடிச்சே" என்றேன்.

நாளைக் காலை ஆறரை மணிக்குப் பழைய மாணவர்களுக்கும் இப்போதைய மாணவர்களுக்கும் கால்பந்துப் போட்டி. அவன்தான் கோல்கீப்பர், யார் சொல்லியும் கேட்கவில்லை. உடற்கல்வி ஆசிரியர் ஐயா அவர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் பேட்ச் நண்பர் ஒருவரின் மனைவி டாக்டர். எல்லைக் கோட்டில் நாற்காலி போட்டு உட்காரச் சம்மதித்திருக்கிறார். மாற்று ஆட்டக்காரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு வேண்டாம். யாருக்காவது தலையில் அடிபட்டால் அந்த அம்மா "வெளியே" என்றால் வெளியே. அடிபட்டவனைக் கேட்கக் கூடாது. கேப்டன் பேச்சும் செல்லாது. கேப்டன் மறுபடியும் நான்தான்.

சாப்பாடு ஆறுகிறது.